வனத்தில் மறையும் வீடு



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து, விரித்த பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த வேளையில், நம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் தந்தையும் யானும் ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் உழைத்தவர்கள். மகனோ இன்று பொறியாளர். குடகு மலையில், காட்டின் ஓரமாக, முக்கால் ஏக்கர் காப்பி நிலம் வாங்கியிருப்பதாகவும், அதில் வீடொன்று கட்டி விடுமுறை நாட்களில் தியானத்திற்கும் ஓய்வுக்கும் சென்று தங்க எண்ணியிருப்பதாகவும் சொன்னார். நம் அன்பர்களும் வந்து தங்கலாம் என்று அன்போடு கூறி, கையிலிருந்த வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

“ஐயா, இவ்வீடு காட்டோடு காடாய்க் கலந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு இருப்பதே தெரியாது. மரச்சுவர், பாசி நிறக் கூரை, காட்டை நோக்கி ஆளுயரக் கண்ணாடி. இயற்கையோடு இணங்கி வாழ்வது தம்மத்திற்கும் இணக்கந்தானே?” என்று வினவினார்.

யான் உடனே விடை சொல்லவில்லை. நல்ல பிள்ளை, நல்ல எண்ணம், வரைபடமும் அழகாகவே இருந்தது. ஆயினும் ஏதோ ஒன்று நெஞ்சில் உறுத்தியது. அவ்வுறுத்தல் யாதென்று அறிய இரண்டு வாரம் ஆயிற்று. காட்டோடு கலத்தல் என்பது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதா, கேடு செய்யாமல் இருப்பதா? இரண்டும் ஒன்றே என்று அத்தம்பி கருதினார். உலகில் பலரும் அவ்வாறே கருதுகின்றனர். அவை ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையில் யான் கூறப் புகுவது.

அருவியின்மேல் அமைந்த வீடு

அத்தம்பி தமக்கு முன்மாதிரியாகக் காட்டிய படம் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், பேர் ரன் என்னும் காட்டோடையின்மேல் நிற்கும் வீடு அது. ஃபிராங்க் லாயிட் ரைட் என்னும் கட்டடக் கலைஞர் 1935ஆம் ஆண்டில், பிட்ஸ்பர்க் நகரத்தில் பெரிய அங்காடி நடத்திய செல்வர் ஒருவருக்காக அதை வகுத்தார். அருவியைப் பார்த்தபடி எதிரே ஒரு வீடு வேண்டுமென்று செல்வர் எதிர்பார்த்தார். ரைட்டோ அருவியின்மேலேயே வீட்டை அமைத்தார். சுவர்க்குரிய கல்லை அந்நிலத்திலேயே வெட்டியெடுத்தனர். அவ்விடத்தில் முன்னமே கிடந்த பாறை, கூடத்தின் அடுப்பருகே தரையைப் பிளந்துகொண்டு இன்றும் எழுந்து நிற்கிறது. 2019ஆம் ஆண்டில் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

அதன் அழகை யான் மறுக்கவில்லை. ஆனால் நீர்மேல் நீண்டு நிற்கும் அதன் காங்கிரீட் மேடைகள் கட்டிய நாள்தொட்டே தாழத் தொடங்கின. 2002ஆம் ஆண்டில் எஃகு வடங்களைச் செலுத்தி இறுக்கியே அவற்றை நிறுத்த வேண்டியதாயிற்று. வார விடுமுறையில் வந்து தங்குதற்கு ஒரு குடும்பம் கட்டிய வீடு அது. காடு அவ்வீட்டிற்கு ஓர் அணிகலன் ஆயிற்று. வீடு காட்டிற்கு என்ன ஆயிற்று என்ற வினாவைப் படம் பார்ப்போர் எவரும் எழுப்புவதில்லை. கண் நிறைந்துவிட்டால் கணக்குக் கேட்கும் புத்தி உறங்கிவிடுகிறது.

செந்நிறக் குடில்

இவ்வினாவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே நம் விநய நூல் எழுப்பியிருக்கிறது. அதை நம்மவருள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள் ஆதலின் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

பகவன் இராசகிருகத்தில் கழுகுமலையில் தங்கியிருந்த காலம். இசிகிலி மலைச்சாரலில் பிக்குகள் சிலர் புல்லால் குடில் அமைத்து மழைக்காலத்தைக் கழித்தனர். மூன்று திங்கள் முடிந்ததும் குடில்களைப் பிரித்து, புல்லையும் கழியையும் ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு நாட்டுச் சாரிகை சென்றனர். குயவர் குடியில் பிறந்த தனிய தேரர் என்னும் ஒரு பிக்கு மட்டும் பனியிலும் வேனிலிலும் அங்கேயே தங்கினார். ஒருநாள் அவர் ஊருக்குள் பிச்சையேற்கச் சென்றிருந்தபோது, புல்லும் விறகும் பொறுக்க வந்த பெண்கள் அவர் குடிலைப் பிரித்துப் புல்லையும் கழியையும் சுமந்து சென்றுவிட்டனர். அவர் மீண்டும் கட்டினார், மீண்டும் கொண்டுபோயினர். மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது.

காட்டோடு கலந்த வீடு எதுவென்று என்னைக் கேட்டால் அப்புற்குடிலையே சுட்டுவேன். புல் பொறுக்க வந்த பெண்கள் அதைப் புல்லாகவே எடுத்துச் செல்லும் அளவுக்கு அது கலந்திருந்தது! அவர்கள் கள்ளிகள் அல்லர். அன்றாட அடுப்புக்கு வழி தேடிய ஏழைகள். பிக்குவின் கூரை அவர்கள் அடுப்பில் எரிந்தது. இழந்தவர் பிக்கு, காடு எதையும் இழக்கவில்லை.

தனிய தேரருக்கோ பொறுமை போயிற்று. மும்முறை இழந்தவர் சினங்கொள்வது இயல்பே. “யான் குயத்தொழிலில் தேர்ந்தவன், முழுதும் மண்ணாலேயே குடில் செய்வேன்” என்று எண்ணினார். தம் கையாலேயே மண் பிசைந்து குடிலை வனைந்தார். புல்லும் விறகும் சாணமும் சேர்த்து மூட்டிக் குடில் முழுவதையும் சூளைபோற் சுட்டார். சுட்டு ஆறிய குடில் இந்திரகோபப் பூச்சியைப் போன்று சிவந்து பொலிந்தது. முதல் மழை பெய்ததும் புல்லிடையே பட்டுப்போல ஊர்ந்து வருமே, நம்மூர்ச் சிறுவர் தம்பலப்பூச்சி என்று கையில் ஏந்துவரே, அதன் நிறம். தட்டினால் கிண்கிணிபோல் ஒலித்தது.

அன்பர்களே, அக்குடிலை மனக்கண்ணால் காணுங்கள். அம்மலையின் மண், அம்மலையின் விறகு, காட்டுப் பூச்சியின் நிறம். சுண்ணமில்லை, இரும்பில்லை. இன்று எந்தக் கட்டடக் கலைஞரிடம் காட்டினும் இதனினும் இயற்கையோடு இயைந்த வீடு வேறில்லை என்பார்.

கழுகுமலையிலிருந்து இறங்கி வந்த பகவன் அதைத் தொலைவிலேயே கண்டார். அழகிய இச்செந்நிறப் பொருள் யாதென்று வினவினார். பிக்குகள் உள்ளதைச் சொன்னார்கள். பகவன் அதைப் புகழவில்லை. அதைச் செய்ததில் உயிர்களிடத்து இரக்கமில்லை என்று கடிந்து, பின்வருவோர் இதைக் கண்டு உயிர்களுக்கு ஊறு செய்யலாகாது என்று கூறி, உடைத்துவிடுமாறு பணித்தார். பிக்குகள் சென்று உடைத்தார்கள். ஏன் உடைக்கிறீர்கள் என்று கேட்ட தனிய தேரர், பகவன் ஆணை என்று அறிந்ததும், அவ்வாறாயின் உடையுங்கள் என்று விலகி நின்றார்.

இங்கே இரண்டு ஐயங்கள் எழும். ஒன்று: நம் தம்மத்தில் வினை என்பது நோக்கமே அன்றோ? தனிய தேரர் ஓர் எறும்பையும் கொல்ல நினைத்தவர் அல்லர், வீடுதான் நினைத்தார். அவ்வாறிருக்கக் கடிந்தது ஏன்? இரண்டு: மண்ணில் இருந்த உயிர்களும் தீயில் பட்ட உயிர்களும் மடிந்து போயின. குடிலை உடைத்தால் அவை மீளுமா? முடிந்த தீங்கிற்கு ஒரு நல்ல வீட்டையும் பலியிடுவது என்ன நியாயம்?

முதல் ஐயத்திற்கு யான் கண்ட விடை இது. கொல்ல வேண்டும் என்னும் நோக்கம் இல்லாமை வேறு. கொல்லாமையில் கருத்தூன்றுதல் வேறு. தோண்டும் மண்ணில் என்ன இருக்கிறதென்று பாராமல் தோண்டுவதும் மனத்தின் ஒரு செயலே. அதற்குப் பமாதம், கவனமின்மை என்று பெயர். தூய நோக்கம் என்னும் சொல்லைக் கேடயமாக ஏந்திக்கொண்டு பாராதிருப்பவன், தன் நோக்கத்தைத்தான் தூய்மையாக வைத்திருக்கிறான்; தன் கையை அன்று. பகவன் அவர்மேல் கொலைக்குற்றம் சாற்றவில்லை. இரக்கமின்மையையே சுட்டினார். அளவறிந்த சொல் அது.

இரண்டாம் ஐயத்திற்கு விடை பகவன் வாக்கிலேயே இருக்கிறது: பின்வருவோர். அக்குடில் அழகாயிருந்ததனாலேயே அதை உடைக்க வேண்டியதாயிற்று. அழகற்ற தீங்கை ஒருவரும் பின்பற்றார். அழகிய தீங்கு ஆசிரியனாய் அமர்ந்து பலருக்கும் பாடம் சொல்லும். அதைக் காண்போர் செந்நிறத்தைக் காண்பர், சூளையைக் காணார்.

ஆலை எனக்குக் கற்பித்தது

இதை யான் நூலில் கற்குமுன் ஆலையில் கற்றேன். பஞ்சுப் பொதியை உடைத்துப் பிரிக்கும் புளோரூமில் எனக்கு முதற்பணி. கண்ணிமை, புருவம், மீசை எல்லாம் பஞ்சுத்தூள் படிந்து வெளுத்திருக்கும். வாரவிடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டும். பஞ்சாலைத் தொழிலாளருக்கே உரிய நோயின் அடையாளம் அது என்பதைப் பின்னர் மருத்துவ நூலொன்றில் படித்தேன். கடைத்தெருவில் அத்துணியைத் தடவிப் பார்த்த அம்மையார் ஒருவர், “என்ன வெண்மை, என்ன மென்மை!” என்று வியந்ததை ஒருநாள் கேட்டேன். அவர் கூறியது பொய்யன்று. துணி வெண்மைதான்; மென்மைதான். ஆனால் அவ்வெண்மை எவர் நெஞ்சில் படிந்துவிட்டு வந்ததென்று துணி சொல்லாது.

ஆதலின், செய்து முடித்த பொருளைப் பார்த்து மட்டும் ஒன்றை நல்லதென்று கொள்ளேன். செய்த விதத்தைக் கேட்பேன். காட்டில் கரைந்து நிற்கும் மரச்சுவரைக் காணும்போது, அம்மரம் எக்காட்டில் நின்றது என்று கேட்பேன். ஒரு காட்டோடு இணங்குவதற்காக மற்றொரு காட்டை வெட்டிவந்த வீடு எங்ஙனம் இணக்கமாகும்?

யாம் வெட்டிய புங்கமரம்

பிறரைக் கேட்குமுன் என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒரு கூட்ட அறை கட்ட முனைந்தோம். முனைந்தவர்களில் முதல்வன் யான். அறைக்குக் குறித்த இடத்தில் ஒரு முதிய புங்கமரம் நின்றது. அதன் நிழலில் மூதாட்டி ஒருவர் காலையில் இட்லி விற்பார். வேலைக்குப் போகும் பெண்கள் கிளையில் தூளி கட்டிக் குழந்தையை அவரிடம் விட்டுச் செல்வர். “அறையைப் பத்தடி தள்ளிக் கட்டலாகாதா, தம்பி?” என்று அம்மூதாட்டி கேட்டார். வாயில் கிழக்கு நோக்க வேண்டும், தெருவுக்கு நேரே தெரிய வேண்டும் என்று யான் வாதிட்டேன். மரம் ஒரே பகலில் விழுந்தது. அறை எழுந்தது. அதில் நின்று யான் முதன்முதல் ஆற்றிய சொற்பொழிவு கருணையைப் பற்றியது! வெளியே வெயிலில் அம்மூதாட்டி கோணிப்பை ஒன்றைக் கழியில் கட்டி நிழல் செய்துகொண்டிருந்தார். சில திங்களில் அவர் வருவது நின்றுபோயிற்று.

கோசாம்பியில் சன்னர் என்னும் பிக்கு தமக்கு விகாரம் எழுப்ப இடந்திருத்துகையில், ஊரும் நகரும் போற்றிய மரமொன்றை வெட்டச் செய்தார் என்றும், மக்கள் வெகுண்டு பழித்தனர் என்றும், அதன்மேல் பகவன் விதி வகுத்தார் என்றும் விநயத்தில் பின்னாளில் படித்தபோது, என் பெயரையே அதில் படித்ததுபோல் இருந்தது. விதி யாது? பிக்கு வீடு கட்டுமுன் சங்கத்தாரை அழைத்து இடத்தைக் காட்ட வேண்டும். அவ்விடம் உயிர்களுக்கு ஊறில்லாததாயிருக்க வேண்டும். எறும்பு, கறையான், எலி, பாம்பு, தேள் முதலாக யானை, புலி, கரடி ஈறாக எதன் உறைவிடமாகவும் அது இருத்தலாகாது. வீட்டைச் சுற்றி மாடு பூட்டிய வண்டி சென்று வரத்தக்க வெளி விடப்பட வேண்டும். பிக்கு தானே இரந்து தனக்கெனக் கட்டும் குடிலுக்கோ அளவும் உண்டு: சுகதசாணால் உள்நீளம் 12, அகலம் 7. அதற்கு மிகலாகாது.

இவ்விதியின் நுட்பம், இடத்தைத் தேர்வோன் தான் மட்டும் தேரலாகாது என்பது. ஆசையுடையவன் கண்ணுக்குக் கறையான் புற்று தெரியாது. வேண்டாதவன் கண்ணுக்குத் தெரியும். ஆதலினால்தான் பிறரை அழைத்துக் காட்டச் சொன்னார்.

எவர் கூரை இறங்கியது?

வனவாழ்வுக்குச் சான்றாக மேனாட்டார் போற்றும் மற்றொரு வீடும் உண்டு. அமெரிக்காவில் கான்கார்டு என்னும் ஊரை அடுத்த வால்டன் ஏரிக்கரையில், 1845ஆம் ஆண்டில் தோரோ என்னும் அறிஞர் தாமே எழுப்பிய அறை அது. பத்தடி அகலம், பதினைந்தடி நீளம். செலவு 28 டாலரும் சில்லறையும். அங்கே இரண்டாண்டுக்குச் சற்று மேலாக வாழ்ந்து எழுதிய நூல் உலகெங்கும் எளிய வாழ்வுக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. யானும் அவரைப் போற்றுபவனே.

ஆயினும் அவ்வறையின் பலகைகள் எங்கிருந்து வந்தன? இரயில் பாதை போட வந்த ஓர் அயர்லாந்துத் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்தெடுத்தார். விடியுமுன் அக்குடும்பம் வெளியேற வேண்டுமென்பது பேச்சு. மறுநாட்காலை ஆறு மணிக்கு வழியில் அவர்களைக் கண்டார். அவர்களுடைய உடைமை யாவும் ஒரே மூட்டையில் அடங்கியிருந்தன. அவர்கள் வளர்த்த பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிக் காட்டுப்பூனையாய்த் திரிந்து, பின்னர்ப் பொறியொன்றில் சிக்கி மடிந்ததாம். இவற்றை ஒளிக்காமல் எழுதிவைத்தவர் அவரே. அது அவர் நேர்மை.

ஆலைக்கார லயன் வீட்டில் பிறந்தவனாகிய யான் அப்பக்கத்தைக் கடந்து போக இயலவில்லை. விலை கொடுத்துத்தான் வாங்கினார். பழம்பலகையை மீண்டும் பயன்கொண்டார்.  நன்றே! ஆனால் அம்மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள்? காட்டிற்குச் செய்யும் கேட்டை மட்டும் எண்ணி, மக்களுக்குச் செய்யும் கேட்டை எண்ணாத கணக்கு பாதிக்கணக்கே. அதனோடு ஒன்று சேர்த்துச் சொல்லுகிறேன். காட்டிலேயே பிறந்து வாழும் குடிகளை இது காப்புக்காடு என்று சொல்லி வெளியேற்றிவிட்டு, அதே காட்டின் விளிம்பில் செல்வர் தங்கும் மாளிகைக்கு மூங்கில் தட்டி அடித்து, அதற்கு இயற்கை என்று பெயரிடுவது எவ்வகை அறம்?

ஓர் எதிர்ப்பும் அதற்கு விடையும்

இதைப் படிக்கும் நம் இளைஞர் சிலர் சினங்கொள்வர். “பாட்டன் காலத்தில் ஊருக்கு வெளியே ஓலைக்குடிசையில் கிடந்தோம். ஓடு வேய்ந்த வீடு நாம் கட்டலாகாதென்று தடுத்த ஊர்கள் இருந்ததைப் பாபாசாகேப் அம்பேத்கர் எழுதிவைத்திருக்கிறார். இன்று தலைநிமிர்ந்து ஒரு வீடு கட்டப் புகுந்தால், எறும்பைப் பார், புற்றைப் பார், சிறிதாகக் கட்டு, மண்ணால் கட்டு என்கிறீரே! நம்மவர்க்கு மட்டும் எப்போதும் குடிசைதானா?”

நியாயமான சினம். அதற்கு யான் தலைவணங்குகிறேன். ஓலைக்குடிசை இயற்கையோடு இணக்கமான வாழ்வென்று எவரேனும் பாடினால், ஒரு மழைக்காலம் அதில் வந்து படுத்துப் பார்க்கட்டும். நம் முன்னோர் குடிசை எளிமையன்று, வறுமை. அது அவர்கள் தேர்ந்ததன்று, அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. வேறு வழியுள்ளவன் தானே அடங்குவதுதான் அடக்கம். வழியில்லாதவனை அடக்குவது கொடுமை. இரண்டுக்கும் கூரை ஒன்றுபோல் தோன்றலாம். ஆகவே ஊரில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு உறுதியாகக் கட்டுக, ஒருவர்க்கும் அஞ்சற்க. யான் பேசுவது, இருக்க ஒரு வீடு இருந்தும், இன்பத்திற்காகவோ தியானத்திற்காகவோ காட்டில் இரண்டாவதொன்று கட்ட நினைப்பவரைப் பற்றி. மேலும் ஒரு சொல்: இத்தனை தலைமுறையாக நம்மை விளிம்புக்குத் தள்ளியவர்கள், “எங்களுக்கு இடம் வேண்டும், அங்கிருப்போர் ஒதுங்கட்டும்” என்றுதானே சொன்னார்கள்? இடம் கிடைத்த அன்றே அதே சொல்லை நாம் எறும்பிடமும் யானையிடமும் காட்டுக்குடிகளிடமும் சொல்லலாமா?

பேக்கர் காட்டிய வழி

இனிச் செய்யத்தக்கது யாது? நம் நாட்டிலேயே வாழ்ந்து காட்டியவர் லாரி பேக்கர். 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீனத்தில் நோயாளருக்குத் தொண்டு செய்தார். பின்னர் இந்தியாவுக்கு வந்து, ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளர்க்கு இல்லங்கள் அமைக்கும் பணியில் இறங்கினார். ஒதுக்கப்பட்டோர்க்கு வீடு கட்டுவதில் தொடங்கியது அவர் இந்திய வாழ்வு என்பதை நம்மவர் மறக்கலாகாது. 1948ஆம் ஆண்டில் கேரள மருத்துவர் எலிசபெத் அம்மையாரை மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகட் என்னும் ஊரில் பல ஆண்டு வாழ்ந்தார். தாம் கல்லூரியில் கற்றது அங்கே பயன்படவில்லை என்றும், அம்மலைவாசிகள் கல்லும் மரமும் மண்ணும் கொண்டு கட்டும் முறையே அவ்விடத்திற்கு ஏற்றதென்றும் உணர்ந்தார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007ஆம் ஆண்டில் மறையும்வரை கட்டிக்கொண்டேயிருந்தார்.

வீட்டிற்குரிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாயிருத்தல் வேண்டும் என்று காந்தியார் சொன்னதைத் தாம் கைக்கொண்டதாகப் பேக்கர் கூறுவார். காந்தியாரோடு நமக்குள்ள வழக்கு வேறு, அது இருக்கட்டும். சொல் சரியாயின் சொன்னவரை நோக்கி அதைத் தள்ள வேண்டுவதில்லை.

பேக்கர் சரிவை வெட்டிச் சமதளம் ஆக்குவதை வெறுத்தார். நிலத்தின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப வீட்டைப் படிப்படியாக அமைத்தார். மரம் குறுக்கிட்டால் சுவரை வளைத்தார், மரத்தை வெட்டவில்லை. செங்கல்லைப் படுக்கவையாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டினால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். செங்கல் குறைந்தால் சூளை விறகு குறையும். தனிய தேரர் பாராத தீயைப் பார்த்தவர் இவர் என்பேன். காங்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். கண்ணாடிச் சன்னலுக்கு மாறாகச் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிக் காற்றையும் ஒளியையும் வரவிட்டார். தம் சொந்த வீட்டையோ, நீர்வசதியற்ற பாறைச்சரிவில், பிறர் கழித்த பொருள்களையும் சேர்த்துச் சிறுகச் சிறுகக் கட்டினார்.

இவர் கட்டடங்கள் செங்கல்லின் செந்நிறத்தோடு வெளிப்படையாகத் தெரிகின்றன; ஒளிந்துகொள்வதில்லை. தெரியலாம், அது குற்றமன்று. தெரிந்தும் தீங்கு குறைந்த வீடு, தெரியாமல் தீங்கு மிகுந்த வீட்டினும் மேலானது.

நிலத்தில் கண்டது

அத்தம்பியிடம், “வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஒருநாள் அந்நிலத்தில் சும்மா உட்காருவோம்” என்றேன். அவ்வாறே சென்றோம். நிலத்தை நன்கறிந்த முதிய தோட்டத் தொழிலாளி ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். விநயம் சொன்ன சங்கம் எங்களுக்கு அவரே. விடியல் முதல் அந்தி வரை இருந்தோம்.

தம்பி வீட்டிற்குக் குறித்திருந்த மேட்டைக் காட்டினார். தொழிலாளி அதன் மேற்புறத்தில் ஒரு மெல்லிய பள்ளத்தைச் சுட்டி, மழைநாளில் தண்ணீர் இறங்கும் வழி அது என்றார். சரிவை அங்கே வெட்டினால் தண்ணீர் வேறு வழி தேடும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் குடகில் நிலம் சரிந்தபோது, பெருமழையோடு சரிவுகளை வெட்டியதும் ஒரு காரணமென்று நிலவியலார் கூறியதைத் தம்பியே நினைவுகூர்ந்தார். வேலி போட எண்ணிய ஓரத்தில் யானைச் சாணம் காய்ந்து கிடந்தது. ஆளுயரக் கண்ணாடி வைக்க நினைத்த பக்கத்தில் பறவைகள் ஓயாது பறந்தன. கண்ணாடியில் மரமும் வானும் நிழலாடும். பறவை அதை வழியென்று நம்பி மோதிச் சாகும். காட்டைக் காண்பதற்கென்றே வைத்த கண்ணாடி காட்டுயிரைக் கொல்லும்.

மாலையில் கீழ்க்கோடியில் ஓரிடம் கண்டோம். முன்னாளில் காப்பிக்கொட்டை காயவைத்த சிமெண்டுக் களம். இப்போது வெடித்துக் கிடக்கிறது. அங்கே புற்றில்லை, மரமில்லை, நீர்வழியுமில்லை. காட்சியும் இல்லை. “இங்கிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாதே, ஐயா” என்றார் தம்பி. “ஆம், தம்பி. முன்னமே புண்பட்ட இடம் இது. புண்மேல் கட்டுபோட்டால் ஆறும். நல்ல உடம்பில் ஏன் கத்தி வைக்க வேண்டும்? அழகிய இடத்தை எழுந்து நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாமே” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

அதன்பின் அவர் வேறொரு படம் வரைந்திருக்கிறார். களத்தின்மேல் இரண்டே அறை. பழைய தோட்டக் கட்டடம் ஒன்றை இடித்தவர்களிடம் வாங்கிய ஓடு. அக்கட்டடத்தில் எவரேனும் குடியிருந்தனரா என்று விசாரித்த பின்னரே வாங்கினார் என்று கேட்டு மகிழ்ந்தேன். இரவில் பூச்சிகளைத் திகைக்கவைக்கும் வெளிவிளக்கு இல்லை. யானை வரும் ஓரத்தில் வேலி இல்லை. கழிவுநீர்க்குழி ஓடையைவிட்டு நெடுந்தொலைவில். இவ்வீடு தீங்கற்றதா? இல்லை. எந்த வீடும் தீங்கற்றதன்று. புற்குடிலுக்கும் புல் அறுபட்டது. ஆனால் எங்கே, எவ்வளவு, எவர்க்கு என்று பார்த்துக் கட்டும் வீட்டுக்கும், பாராமல் கட்டும் வீட்டுக்கும் உள்ள தூரமே கருணைக்கும் கவனமின்மைக்கும் உள்ள தூரம்.

எங்கள் கூட்ட அறையின் முன் ஒரு புங்கங்கன்று நட்டிருக்கிறோம். இப்போது முழங்கால் உயரம். தூளி கட்டும் அளவுக்கு அது வளரும்போது யான் இருக்கமாட்டேன். நீங்கள் இருப்பீர்கள். அன்றைக்கு எவரேனும் அறையை விரிவாக்க வேண்டுமென்று வரைபடத்தோடு வந்தால், பத்தடி தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

எல்லா உயிரும் இன்புறுக!